ஆறு நிரப்பிய குழி

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்போக விதைப்புக்குச் சில வாரங்களே இருந்த ஒரு காலைப்பொழுதில், படுவான்கரையின் மேற்கெல்லையிலுள்ள ஒரு கிராமத்தின் பொதுக் கட்டடத்தில் நான் பதினொரு நிமிடம் பேசினேன். அதைவிடச் சிறப்பாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. முடிந்தபோது கட்டடம் அதிரக் கைதட்டினார்கள். அந்தப் பேச்சினால் நேர்ந்ததை இதுவரை எவருக்கும் நான் முழுமையாகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடிக்கு அண்மையில் இருக்கிறது. வயலோ வாவிக்கு அப்பால், மேற்கே, படுவான்கரையில். மிதவையேறி மண்டூரில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் மேற்கே ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். மலைகள் நீலக் கோடாகத் தெரியத் தொடங்கும் அவ்விடத்தில் ஆறு இன்னும் மணலாறாக மாறியிருக்காது. படுக்கை முழுவதும் கல்: முட்டையளவு, தேங்காயளவு, ஆங்காங்கே ஆட்டுக்குட்டியளவு. அந்த ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றுதான் எங்கள் வட்டை முழுவதற்கும், அதாவது அங்குள்ள வயல் நிலப்பரப்பு முழுவதற்கும், சிறுபோகத் தண்ணீரைத் தருகிறது. பெரும்போகத்தை மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்தை வாய்க்கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய கூட்டம் வட்டைப் பாதையைப் பற்றியது. முந்திய அறுவடையின்போது வெட்டு இயந்திரம் சேற்றில் புதைந்து இரண்டு நாள் கிடந்தது. வெட்டிய நெல்லின் மேல் மழை பெய்தது. ஆகவே பாதைக்குக் கல் போட வேண்டும். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்புக்கு ஐம்பது காலடி கீழே ஆற்றில் ஒரு பெரிய கல்திட்டு இருந்தது. அதை அள்ள அனுமதியும் கிடைத்துவிட்டது. விவசாயிகள் கையுயர்த்தினால் மறுநாளே மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்கும் என்று வட்டை விதானை அறிவித்தார். வட்டையின் தண்ணீரையும் வேலியையும் கவனிப்பதற்கென விவசாயிகள் தெரிவுசெய்தவர் அவர்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். காத்தான்குடியைச் சேர்ந்தவர், நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே புவியியல் படித்தவர். முகம் தெரியும், பேசியதில்லை. இறுதியாண்டு ஆய்வுக்காக அந்த ஆற்றுக்கு வாரம் ஒருமுறை வந்து, கற்களுக்குச் சாயம் பூசி இலக்கமிட்டு வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் தலைப்புக்கு நேரே சிவப்புக் கற்கள். அங்கிருந்து முந்நூறு காலடி மேலே, மருதமரம் நிற்கும் வளைவில், மஞ்சள் கற்கள். மாரி வெள்ளம் எந்தக் கல்லை எவ்வளவு தூரம் நகர்த்துகிறது என்று பார்ப்பதற்காக.

"ஆறு கல்லக் கொண்டு வரும், இல்லெண்டு சொல்லல்ல" என்றார் அவர். "எவ்வளவு வரும், எங்கேரிந்து வரும் எண்டு எனக்குத் தெரியா. அதத்தான் பாக்க வந்திரிக்கன். ஒரு மாரி பொறுத்துப் பாத்திட்டு அள்ளுங்க. இல்லாட்டி வாய்க்காலுக்குத் தூரமா, கீழ போய் அள்ளுங்க."

கீழே போனால் உழவு இயந்திரம் இறங்கப் பாதை இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. அப்பா என் முதுகில் தட்டி, "எழும்பிச் சொல்லு மனே" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடசாலைக் காலத்தில் ஆற்றில் கல்லும் மணலும் அகழ்வது பற்றிய விவாதப் போட்டியொன்றில் நான் முதலிடம் பெற்றிருந்தேன். அகழ்வு அவசியம் என்ற அணியில் பேசினேன். அந்த அணி எனக்குக் கிடைத்தது நாணயச் சுழற்சியால். பூ விழுந்திருந்தால் தீது என்று பேசியிருப்பேன். அதற்கும் அதே சூட்டுடன் குறிப்புகள் தயாராக இருந்தன. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்ல வேண்டும் என்பதே எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. அந்தப் பயிற்சியில் நான் குறை காணவில்லை. ஆனால் அன்று அந்தக் கட்டடத்தில் எவரும் நாணயம் சுண்டவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பழைய பேச்சு சொல் தவறாமல் நினைவில் இருந்தது. சேற்றில் புதைந்த இயந்திரத்தில் தொடங்கினேன். நனைந்த நெல்லுக்கு வந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலை தேயும்வரை ஆறு ஓயாது, ஆறு ஓயாதவரை கல் குறையாது, இன்று நாம் எடுப்பதை இந்த மாரியே திருப்பித் தரும்" என்றேன். இறுதியாக அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "தெரியாது என்று சொல்பவரின் சொல்லை நம்பித் தெரிந்த துன்பத்தை நாம் சுமக்க வேண்டுமா? கற்களுக்கு நகப்பூச்சுப் பூசி அழகு பார்க்கச் சகோதரிக்கு நேரமிருக்கிறது. சேற்றில் கிடக்கும் நெல்லுக்கு அந்த நேரம் இல்லை."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிறிது சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய நேர்மையைத்தான் நான் அவருடைய பலவீனமாக மாற்றியிருந்தேன். மேடையில் அதற்குப் பெயர் சாதுரியம்.

கைதட்டல் அடங்கியதும், வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் மாமி ஒருவர் எழுந்தார். அப்பாவுக்குத் தங்கை முறை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு ஏக்கர் காணியை வேறொருவருக்காகச் செய்பவர் அவர். பெரும்போக விளைச்சல் காணிக்காரருக்கு, சிறுபோக விளைச்சல் மாமிக்கு என்பது அவர்களுக்குள் பேச்சு. ஆற்றுத் தண்ணீர் கடைசியாகச் சென்று சேரும் வயல் அது.

"கல்லு மறுகா வருமா மனே? வாய்க்காலுக்குப் பிழை வராதா?"

"வரும் மாமி. நான் பொறுப்பு."

அவர் கையுயர்த்தினார். அவர் உயர்த்தியதைப் பார்த்து மற்றப் பெண்களும் உயர்த்தினார்கள்.

மறுநாள் பெக்கோ இறங்கியது. ஒரு வாரத்தில் கல்திட்டு இருந்த இடத்தில் ஓர் ஆள் உயரக் குழி. பாதை நன்றாகத்தான் அமைந்தது. அதை மறைப்பது நியாயமல்ல; அந்த ஆண்டு அறுவடையில் ஓர் இயந்திரமும் புதையவில்லை.

மார்கழியில் ஆறு பெருகியது. என் சொல் பலிப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் நான் போயிருந்தேன். கற்களுக்கு இலக்கமிட்ட அந்தப் பெண்ணும் வந்திருந்தார். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், தன் ஓட்டோவில் கூட்டிவந்திருந்தார். வாவித் தோணியில் ஊன்றித் தள்ளும் நீண்ட கம்பொன்றை ஓட்டோவின் மேல் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் வந்திருந்தார். என்னைக் கண்டதும், "இவரா உன்ட நகப்பூச்சுக்காரர்? வாங்க கா, கிட்ட வாங்க, கடிக்க மாட்டம்" என்றார். எனக்கு முகம் சுட்டது.

கம்பின் ஒரு நுனியைக் கரையோர வெள்ளத்துக்குள் ஊன்றி, மறுநுனியை என் காதில் வைக்கச் சொன்னார்கள். நிலவுக் காலத்தில் தோணியிலிருந்து துடுப்பைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் ஊர் எங்கள் ஊர். மலையாற்றில் அதே வேலையைச் செய்வேன் என்று நான் நினைத்ததில்லை. முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியில் வேறொன்று: டக், டக்டக், டக். கல்லில் கல் மோதும் ஓசை. நூறு, ஆயிரம் கற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு இருளில் உருண்டுகொண்டிருந்தன. எனக்கு அது வேறெதுவாகவும் கேட்கவில்லை. கைதட்டலாகவே கேட்டது.

"கேட்டீங்களா? கல்லு வருது" என்றேன்.

அந்தப் பெண் கம்பை வாங்கித் தன் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டார். "கல்லு நகருது" என்றார். "வருதா போகுதா எண்டு சத்தத்தில தெரியாது."

தோற்றவரின் சமாதானம் என்று எண்ணிக்கொண்டேன்.

தை பிறந்து பத்து நாட்களில் வெள்ளம் வடிந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் குறைந்ததும் மூவரும் இறங்கினோம். குழியைக் காணவில்லை. ஆள் உயரக் குழி இருந்த இடத்தில் கல் நிரம்பி, ஏறக்குறையச் சமமாகக் கிடந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை. உடனே கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தேன். "ஆறு தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது" என்று எழுதி எங்கள் விவசாயிகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். கைதட்டும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மாமி குரற்பதிவு அனுப்பியிருந்தார்: "நல்லது மனே. அப்ப நான் சிறுபோகத்துக்கு விதைநெல்லு எடுத்து வைக்கிறன்."

அந்தக் குரல் அடங்கும்போது அந்தப் பெண் குனிந்து குழிக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். தண்ணீரில் அலசினார். உரசலில் பாதி போயிருந்தாலும் நிறம் தெரிந்தது. சிவப்பு. நாற்பத்தொன்று என்ற இலக்கம் தெளிவாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சிவப்பு. காக்காவும் நானும் தேடத் தொடங்கினோம். அரை மணி நேரத்தில் கரையில் இருபத்தாறு கற்கள். ஒன்றுகூட மஞ்சள் இல்லை.

மருதமர வளைவுக்குப் போனோம். மஞ்சள் கற்கள் அநேகமாக வைத்த வரிசையிலேயே இருந்தன. சில நாலு காலடி நகர்ந்திருந்தன, ஒன்றிரண்டு பத்து. அவ்வளவு பெரிய வெள்ளம், அவ்வளவு இரைச்சல், நகர்வு அவ்வளவே.

அந்தப் பெண் அங்கேயே குந்தியிருந்து படுக்கையைக் காட்டினார். கற்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படிந்திருந்தன. பெரியதன் மறைவில் சிறியது. அதன் அடியில் இன்னும் சிறியது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் தண்ணீர் இவற்றின் மேலால் ஓடிப்போகிறதேயன்றி எதையும் அசைப்பதில்லை. வெள்ளம் கடுக்கும் சில நாட்களில் மட்டும் ஒரு கல் புரளும், உருளும், சிறிது துள்ளும். பிறகு இன்னொன்றின் மறைவில் ஒதுங்கி அடுத்த பெருவெள்ளம்வரை காத்துக் கிடக்கும். மலையிலிருந்து கல் வருவது உண்மை. ஆனால் அது நடந்து வருகிறது. நடப்பதைவிட இருப்பதே அதிகம்.

"அப்ப குழி எப்பிடி நிரம்பின?" என்று கேட்டேன். விடை எனக்கே தெரிந்துவிட்டிருந்தது.

"நாம படுக்கையில ஒரு படி வெட்டினம். தண்ணி அந்தப் படியில விழுந்து வேகமாகும். வேகமான தண்ணி, படிக்குக் கிட்ட இரிக்கிற கல்லத்தான் முதல்ல இழுக்கும். ஓட்டு வீட்டில கீழ் ஓட்டக் கழட்டினா மேல் ஓடு சறுக்குமே, அப்பிடி." வாய்க்கால் தலைப்பைக் காட்டினார். "அங்க இரிந்த கல்லுத்தான் இஞ்ச வந்திரிக்கி."

தலைப்பின் முன்னால் போய் நின்றேன். முன்பு கணுக்காலளவு தண்ணீர் ஓடிய இடத்தில் இடுப்புவரை ஆழம். ஆற்றின் படுக்கை முழங்கால் உயரத்துக்கும் மேலாக இறங்கியிருந்தது. மாரித் தண்ணீர் இன்னும் உயரமாக நின்றதால் வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரையில் நின்று பார்க்கும் எவருக்கும் வேறுபாடு தெரியாது. சித்திரையில் ஆறு வற்றும்போது வாய்க்காலின் வாய் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்கும்.

ஆறு என் சொல்லைப் பொய்யாக்கவில்லை. எடுத்ததைத் திருப்பித்தான் தந்தது. எங்கிருந்து எடுத்துத் தரும் என்று மட்டும் நான் கேட்டிருக்கவில்லை.

"வட்டைக்கு நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?" என்று அவர் கேட்டார்.

"நானே சொல்லுறன். கொஞ்சம் பொறுங்க."

அந்தக் 'கொஞ்சம்' தையில் தொடங்கிப் பங்குனிவரை நீண்டது. காரணங்கள் என்னிடம் ஏராளம் இருந்தன. காரணம் கண்டுபிடிப்பதில்தானே எனக்குப் பயிற்சி. மாசியில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விவாதச் சுற்று, அது முடியட்டும். ஆய்வு முடிவு எழுத்தில் வரட்டும். அறுவடை நேரத்தில் விவசாயிகளின் மனத்தைக் கலக்குவது முறையா? சிறுபோகக் கூட்டம் பங்குனியில்தானே, விதைப்பதற்கு முன்னர் சொன்னால் போதாதா? ஒவ்வொன்றும் நியாயமாகவே ஒலித்தது. அந்த விவாதச் சுற்றில் வெற்றியும் பெற்றேன். அந்தப் பெண் இருமுறை செய்தி அனுப்பினார். இரண்டாவது செய்தியில் ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது.

சிறுபோகக் கூட்டம் அதே கட்டடத்தில் கூடியது. இம்முறையும் பேச்சை எழுதி மனனம் செய்து வைத்திருந்தேன். என்னை அவ்வளவாகக் குறைக்காத, சற்று அழகான மன்னிப்புரை. எழுந்து நின்றபோது முன்வரிசையில் மாமி இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. விதைநெல் முளைக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவந்த மாதிரி. எனக்கு அந்த உரையின் முதற்சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

சிவப்புக் கற்களை மேசையில் கொட்டினேன். "நான் சொன்னது பிழை. குழியை நிரப்பினது வாய்க்கால் வாசல் கல்லு. இந்தச் சிறுபோகத்துக்கு ஆத்துத் தண்ணி வாய்க்காலுக்கு ஏறாது." எனக்கு நினைவிருக்கும்வரை, அதுவே நான் பேசிய மிகக் குறுகிய பேச்சு.

விதானை ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண் மூடை அடுக்கித் தண்ணிய உயத்தலாம். பாதி வட்டைக்குக் காணும்" என்றார் கடைசியில்.

"என்ட வயலுக்கு?" என்று மாமி கேட்டார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வராது மாமி."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"தையில."

அவர் பையின் வாயை முடிந்தார். குரலை உயர்த்தவில்லை. "தையில சொல்லியிருந்தா, வெட்டின கையோட ஈரத்தில பயறு எறிஞ்சிரிப்பன் மனே. இப்ப நெலம் காஞ்சிட்டு. இனிப் பயறும் போட ஒண்ணா, நெல்லும் போட ஒண்ணா."

புரட்டாதியில் நான் பேசியது அறியாமை. அறியாதவன் தவறுவது உலகில் நடப்பதுதான். தையிலிருந்து பங்குனிவரை நான் காத்த மௌனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மாமியின் இரண்டு ஏக்கரைத் தரிசாக்கியது என் பேச்சு மட்டுமன்று. பேசாமல் இருந்த இரண்டு மாதங்களும்தான். ஈரம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

மறுவாரம் ஆற்றில் மூடை அடுக்கினோம். நானும் சுமந்தேன், தோளில் தோல் உரிந்தது. பார்த்தவர்கள் பகிடி பண்ணினார்கள். "மூடைக்கும் ஒரு பேச்சுப் பேசன் மனே, தானா நடந்து வரும்" என்றார் ஒருவர். சிரித்தேன். சிரிக்காமல் இருக்கும் உரிமையை நான் இழந்திருந்தேன். தண்ணீர் ஏறி வாய்க்காலின் பாதிவரை போனது. எங்கள் வயல் தலைப்புப் பக்கம் இருப்பதால் எங்களுக்கு விளைந்தது. மாமியின் வயலில் அந்தச் சிறுபோகம் முழுவதும் மாடுகள் மேய்ந்தன. எங்கள் விளைச்சலில் ஒரு பங்கை அப்பா கொடுத்தனுப்பினார். மாமி வாங்கிக்கொண்டார். ஆனாலும் அது அவர் விளைவித்த நெல்லன்று.

காத்தான்குடிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். நகப்பூச்சுப் பகிடிக்கா, இரண்டு மாதத் தாமதத்துக்கா என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். "பகிடிய எப்பவோ மறந்திட்டன். மத்தத மறக்க ஏலா" என்றார். அவருடைய ஆய்வு அந்த ஆண்டே முடிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும் மஞ்சள் கற்களைத் தேடிப் போகிறோம். காக்கா ஓட்டோவில் வருகிறார், கம்பையும் கொண்டுவருகிறார். அந்த ஆற்றுப் பகுதியில் இனி எவரும் கல் அள்ளுவதில்லை என்று வட்டையில் தீர்மானமாயிற்று. மூடைகளை ஆண்டுதோறும் புதிதாக அடுக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டிலிருந்து மாமியின் வயலுக்கும், முறை வைத்து, சிறிது தண்ணீர் போகிறது.

மாமி என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "மஞ்சக் கல்லு எவடத்த வந்திட்டு, மனே?" கேலியா, கவலையா என்று எனக்கு இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

இவ்வாண்டு தையில், வாய்க்கால் தலைப்பின் முன்னால், மூடைகளின் அடியோரத்தில், ஒரு மஞ்சள் கல் கிடந்தது. முந்நூறு காலடி வர மூன்று மாரிகள் எடுத்திருந்தன. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்தேன். கைப்பேசியை எடுத்தேன். எழுத வந்த முதல் வாக்கியத்தை அழித்தேன். அது நன்றாக இருந்தது என்பதாலேயே அழித்தேன். பிறகு மாமிக்கு மட்டும் இவ்வாறு அனுப்பினேன்: "ஒரு கல் வந்திருக்கிறது."

சற்று நேரத்தில் குரற்பதிவு வந்தது. "ஒண்டா? சரி. ஒண்டெண்டா ஒண்டுதான்."

இப்போதும் மேடையேறுகிறேன், நாணயம் சுண்டுகிறார்கள், எந்தப் பக்கம் விழுந்தாலும் பேசுகிறேன், சில வேளைகளில் வெல்லவும் செய்கிறேன். ஆனால் கைதட்டல் எழும்போதெல்லாம் அந்தக் கம்பின் நுனியில் கேட்ட ஓசை என் காதுக்குத் திரும்பி வருகிறது. எங்கோ கற்கள் நகர்கின்றன, அவை வருகின்றனவா போகின்றனவா என்று இறங்கிப் பார்க்கும் கடமை இன்னும் என்னிடமே இருக்கிறது.